தவளையா, பூனையா, நோயாளியா? ஒரு புட்டி டிஜிடாலிஸை எதைக் கொண்டு அளப்பது

1930-ஆம் ஆண்டளவில் ஒரு மருந்து ஆலையின் ஆய்வுக்கூடப் பொறுப்பாளருக்கு இருந்த தலைவலிகளில் முதலாவது டிஜிடாலிஸ். ஊதா நிறத்தில் மணிமணியாகப் பூக்கும் ஓர் ஐரோப்பியச் செடியின் இலை அது. காயவைத்துப் பொடித்தோ, சாராயத்தில் ஊறவைத்து டிஞ்சராக வடித்தோ விற்றார்கள். தளர்ந்துபோன இதயத்துக்கு அன்று அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. அளவு மிஞ்சினால் முதலில் குமட்டல், வாந்தி. பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவதும் உண்டு. அதற்கும் மேல் போனால் இதயம் தாளம் தப்பி ஆளே போய்விடுவார். நம் ஊர் மஞ்சள் அரளியில் இருப்பதும் இதே குடும்பத்து நஞ்சுதான். அரளி விஷத்துக்கு முறிவாக இலங்கையில் சோதித்துப் பயன் கண்டதுகூட டிஜிடாலிஸ் வகை மருந்துக்கென்று உருவாக்கிய எதிர்ப்புப் பொருளே.

இப்படிப்பட்ட மருந்தை எடை போட்டு விற்க முடிந்திருந்தால் சிக்கல் இல்லை. ஒரே எடையுள்ள இரண்டு இலைப்பொடிகளில் வீரியம் ஒன்றாக இருக்காது. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், காயவைத்த பதம், கிடங்கில் கிடந்த காலம் எல்லாம் அதை மாற்றும். இலைக்குள் வேலை செய்யும் பொருளும் ஒன்றல்ல, பல. அவற்றைப் பிரித்தெடுத்து எண்ணிச் சொல்லும் வேதியியல் அன்று இல்லை. ஆகவே உயிருள்ள ஒன்றிடம்தான் கேட்க வேண்டும். எந்த உயிரிடம்?

தவளைக்கு ஒரு கட்சி, பூனைக்கு ஒரு கட்சி, புறாவுக்கு ஒன்று, கினிப்பன்றிக்கு ஒன்று. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு நோயாளியையே பாருங்கள் என்ற மருத்துவர்களும் இருந்தார்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலையைத் தொகுதி தொகுதியாக வாங்கி, வடித்து, புட்டியில் அடைக்கிற ஆலைக்குத் தவளைதான் சரியான தேர்வு, ஒரே ஒரு நிபந்தனையோடு. பூனைக்கு அன்று கிடைத்த மரியாதை அதன் தகுதிக்குச் சற்று அதிகம். நோயாளி வேறொரு கேள்விக்கான அளவுகோல்; அந்தக் கேள்வியைக் கேட்கவே இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

நோயாளியே அளவுகோலாக இருந்த காலம்

காலத்தால் முந்தியது அதுதான். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு மூதாட்டி, உடலில் நீர் கோத்து வீங்கும் நீர்க்கோவைக்கு ரகசியமாகக் கொடுத்துவந்த கஷாயத்தைப் பற்றி 1775-இல் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் கருத்துக் கேட்டார்கள். அதில் இருபது மூலிகைகளுக்குக் குறையாமல் இருந்தன. வேலை செய்வது டிஜிடாலிஸ்தான் என்று விதரிங் கண்டுகொண்டார். பத்து ஆண்டுகள் நோயாளிகளிடம் பார்த்ததை 1785-இல் நூலாக எழுதினார்.

அந்த நூலில் எனக்கு வியப்பாக இருப்பது அளவைப் பற்றிய அவருடைய கவனம். வேர் வேண்டாம், இலை போதும் என்கிறார். அதுவும் செடி பூக்கும் பருவத்தில் பறித்த இலை. காய்ந்த பொடியில் ஒரு கிரெயின் முதல் மூன்று கிரெயின் வரை, நாளுக்கு இரண்டு வேளை. ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம்: சிறுநீரகத்திலோ இரைப்பையிலோ நாடியிலோ குடலிலோ மருந்தின் வேலை தெரிகிறவரை கொடு, இவற்றில் எந்த ஒன்று தலைகாட்டினாலும் உடனே நிறுத்து. ஆரம்பத்தில் தான் தாராளமாகக் கொடுத்துவிட்டதையும் அவர் மறைக்கவில்லை.

இந்த முறையில் ஒரு பெரிய நன்மை உண்டு. அளக்கிற உடலும் மருந்து தேவைப்படுகிற உடலும் ஒன்றே. தவளையிலிருந்து மனிதனுக்குத் தாவும் ஊகம் எதுவும் இதில் இல்லை. படுக்கை அருகே நிற்கும் மருத்துவருக்கு இதைவிட நல்ல விதி பின்னாளிலும் வரவில்லை. புட்டியின் மேல் எந்த விலங்கின் பெயரால் எந்த எண் அச்சிட்டிருந்தாலும், நல்ல மருத்துவர் நாடியைப் பார்த்துத்தான் அளவைக் கூட்டினார், குறைத்தார்.

ஆனால் ஆலைக்கு இது உதவாது. மருந்தை விற்ற பிறகு விடை கிடைத்து என்ன பயன்? போன மாதப் புட்டிக்குப் பழகிய நோயாளி, இந்த மாதம் இரு மடங்கு வீரியமுள்ள புட்டியை வாங்கிப்போய் அதே எண்ணிக்கைச் சொட்டுகளைக் குடித்தால் என்ன ஆகும் என்பதுதான் பொறுப்பாளரின் கவலை.

கருவிகள் வந்தன, எண் வரவில்லை

விதரிங்குக்குப் பிந்திய நூறு ஆண்டுகளில் உடலை அளக்கும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஸ்டீபன் ஹேல்ஸ் 1733-லேயே ஒரு குதிரையின் ரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி ரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறியதைப் பார்த்திருந்தார். 1828-இல் புவாசொய் அந்த நெடுங்குழாயைக் கைக்கு அடக்கமான பாதரசக் குழாயாக மாற்றினார். 1847-இல் கார்ல் லுட்விக் அந்தப் பாதரசத்தின் மேல் ஒரு மிதவையும் ஊசியும் வைத்து, புகைக்கரி படிந்த சுழலும் உருளையில் ரத்த அழுத்தம் தன் கோட்டைத் தானே வரையும்படி செய்தார். அதே ஆண்டில்தான் இன்றைய எஸ்டோனியாவில் உள்ள டோர்பாட் நகரில் ருடால்ஃப் புக்ஹைம் தன் வீட்டின் அடித்தளத்தில் மருந்தியலுக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்.

எடின்பரோவின் இளம் மருத்துவர் லாடர் பிரன்டன் தன் பட்ட ஆய்வுக்காக டிஜிடாலிஸைத் தானே மாதக்கணக்கில் சாப்பிட்டுப் பார்த்தவர். ஆய்வேடு 1866-இல் வந்தது. மறு ஆண்டு, மார்வலியில் துடித்த நோயாளியின் மணிக்கட்டில் நாடி வரையும் கருவியைக் கட்டி, அமைல் நைட்ரைட்டை முகரச் செய்து, நாடிக் கோட்டின் வடிவம் மாறியதையும் வலி அடங்கியதையும் ஒருசேரக் காட்டினார். மருந்தியல் வரலாற்றில் நான் மிக விரும்பும் பக்கங்களில் அதுவும் ஒன்று.

ஆனாலும் இவையெல்லாம் மருந்து உடலில் என்ன செய்கிறது என்ற கேள்விக்கான விடைகள். இந்தப் புட்டியில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியைப் பேராசிரியர்கள் கேட்டார்கள். இரண்டாவதைக் கேட்டது வியாபாரம். அதனால்தான் தவளையைக் கொண்டு டிஜிடாலிஸ் வகை மருந்துகளை அளக்கும் முறையை 1898-இல் வெளியிட்டவர் டெட்ராயிட்டில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த ஹௌட்டன்.

தவளையின் கட்சி

ஹௌட்டன் தவளைகளுக்கு ஊசி போட்டு, எந்த அளவில் சாகின்றன என்று பல மணி நேரம் காத்திருந்து பார்த்தார். அந்தக் காத்திருப்பைப் பிறகு ஒரு மணி நேரமாகச் சுருக்கினார்கள். 1916-இல் அமெரிக்க மருந்து நூல், அதாவது மருந்துகளின் தரத்தை வகுக்கும் அதிகாரபூர்வ நூல், இந்த ஒரு மணி முறையைச் சேர்த்துக்கொண்டது. 1926-இல் நடைமுறைக்கு வந்த அடுத்த பதிப்பு அதைக் கட்டாயமாக்கியது.

வேலை எப்படி நடந்தது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரே சரக்கில் வந்த, ஒரே இனத்துத் தவளைகளை எடுத்து, முன்கூட்டியே தண்ணீர்த் தொட்டியில் விட்டு ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவருவார்கள். 20 டிகிரி செல்சியஸ் என்பது வழக்கம். ஒவ்வொன்றையும் துடைத்து எடை போட்டு, அந்த எடைக்கு ஏற்ற அளவு டிஞ்சரை வயிற்றுப் பக்கத் தோலுக்கடியில் இருக்கும் நிணப்பைக்குள் செலுத்துவார்கள். நேரம் குறித்துக்கொண்டு மறுபடியும் தொட்டியில் விடுவார்கள். சரியாக ஒரு மணி கழித்து மூளையையும் தண்டுவடத்தையும் ஊசியால் அழித்து, மார்பைத் திறந்து இதயத்தைப் பார்ப்பார்கள். டிஜிடாலிஸ் முழு வேலை செய்திருந்தால் இதயத்தின் கீழறை இறுகச் சுருங்கி, ரத்தம் வற்றி, வெளிறிப்போய் நின்றிருக்கும். மேலறைகள் மட்டும் கருஞ்சிவப்பாக உப்பியிருக்கும். ஒருமுறை பார்த்தவருக்கு அது மறக்காது. நின்றதா, நிற்கவில்லையா என்பதில் தகராறுக்கே இடமில்லை. நாடிக் கோட்டின் வளைவைப் பார்த்து ஆளுக்கொரு பொருள் சொல்வதுபோன்ற தொல்லை இதில் கிடையாது.

விலை குறைவு, இடம் குறைவு, ஒரு முற்பகலில் நாற்பது ஐம்பது தவளைகளைப் பார்த்துவிடலாம். பழகிய உதவியாளர் ஒருவர் போதும்.

குறைகளும் சில்லறையானவை அல்ல. தவளை குளிர் ரத்தப் பிராணி. அறையின் வெப்பம் மாறினால் மருந்து பரவும் வேகம் மாறும். கோடைத் தவளையும் பனிக்காலத் தவளையும் ஒரே அளவுக்கு ஒரேபோல் பதில் சொல்லமாட்டா. இனம் மாறினால் எண் மாறும். ஒரு மணி நேரத்துக்குள் நிணப்பையிலிருந்து மெதுவாகவே ஊறிப்போகும் பொருள்கள் தங்கள் முழு வீரியத்தைக் காட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஆக, ஒரு நகரத்துத் தவளை கொல்லும் அளவு என்று சொன்னதை இன்னொரு நகரத்துத் தவளை மறுத்தது. தவளையை எதிர்த்தவர்கள் அடுக்கிய புகார்கள் இவையே. ஒவ்வொன்றும் உண்மை.

இவற்றைவிட ஆழமான புகாரை வைத்தவர், வேடிக்கை என்னவென்றால், தவளையை நிராகரிக்கவில்லை. லண்டனை அடுத்த பெக்கன்ஹாமில் வெல்கம் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜே. டபிள்யூ. டிரெவன் 1927-இல் வெளியிட்ட கட்டுரை அதுவரை எல்லோரும் நம்பியிருந்த ‘குறைந்தபட்சக் கொல்லும் அளவு’ என்ற கருத்தையே உடைத்தது. அப்படி ஓர் அளவு கிடையாது என்றார் அவர். ஒரே தொட்டியில் இருந்து எடுத்த தவளைகளில் சில குறைந்த அளவிலேயே போய்விடும், சில இரு மடங்கையும் தாங்கும். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு அளவிலும் எத்தனை சதவீதம் செத்தன என்று புள்ளி வைத்தால் படுத்த ‘எஸ்’ வடிவத்தில் ஒரு வளைவு வரும். அதன் இரு முனைகளும் சரிந்து இழுத்துக்கொண்டே போகும்; நடுப்பகுதிதான் செங்குத்து. எனவே பாதிப் பிராணிகளைக் கொல்லும் அளவையே குறியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இன்று நஞ்சுப் பொருள்களின் தகவல் தாள்களில் காணும் எல்டி50 அங்கே பிறந்தது.

டிரெவன் சொன்னதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சரியாகப் பாதியைக் கொல்லும் அளவைப் பத்துத் தவளைகளுக்குக் கொடுக்கிறோம். மிகச் சரியாக ஐந்து சாவது ஏறத்தாழ நான்கு தடவைக்கு ஒரு தடவைதான். இரண்டோ அதற்குக் குறைவாகவோ, அல்லது எட்டோ அதற்கு அதிகமாகவோ சாவது ஒன்பது தடவைக்கு ஒரு தடவை நடந்துவிடும். மருந்து மாறவில்லை, தவளை மாறவில்லை, கை தவறவில்லை. சீட்டு விழுந்த விதம் அவ்வளவே. நாலைந்து தவளைகளை வைத்துக்கொண்டு இந்த டிஞ்சர் போன மாதத்தைவிட வலிமை குறைவு என்று முத்திரை குத்திய ஆய்வுக்கூடங்கள் எத்தனையோ.

இதற்கு வழி, பிராணிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. அதற்குத் தோதான பிராணி தவளை. நூறு தவளை வாங்கலாம், நூறு பூனை வாங்க முடியாது.

பூனையின் கட்சி

நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் ஹேச்சரும் பிராடியும் 1910-இல் கொண்டுவந்தது பூனை முறை. மயக்கத்தில் இருக்கும் பூனையின் தொடைச் சிரைக்குள் மருந்தை மெதுவாக, ஏறக்குறைய விடாமல் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். இதயம் நிற்கும்போது எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆப்பிரிக்க அம்பு நஞ்சிலிருந்து எடுத்த வாபெயின் என்ற படிகப் பொருள், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கிலோ பூனையைக் கொல்லும் அளவு அவர்களுக்கு அடிப்படை. அது ஒரு ‘பூனை அலகு’. நல்ல டிஜிடாலிஸ் இலைப்பொடியில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் ஒரு பூனை அலகுக்கு ஈடு என்று கணக்கிட்டார்கள்.

பூனைக்காரர்களின் வாதம் கேட்பவரை எளிதில் சாய்த்துவிடும். பூனை பாலூட்டி, சூடான ரத்தம், இதயத்தில் நமக்கு இருப்பதுபோல் நான்கு அறைகள். தவளைக்கு மூன்றுதான். மருந்து நேராக ரத்தத்தில் கலப்பதால் எவ்வளவு வேகமாக ஊறியது என்ற குழப்பம் இல்லை. இன்னொரு நுட்பமான நன்மையும் உண்டு. அதைப் பூனைக்காரர்களே போதிய அளவு சொல்லிக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது. தவளை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் பதில் சொல்கிறது. பூனை ஒவ்வொன்றும் ஓர் எண்ணைச் சொல்கிறது: என்னைக் கொல்ல இத்தனை மில்லிலிட்டர் ஆயிற்று என்று. ஒரு பிராணியிடமிருந்து கிடைக்கும் தகவல் இங்கே பல மடங்கு. எனவே சில பூனைகள் பல தவளைகளுக்கு ஈடாகும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு ஏன் தவளை? முதல் காரணம் பணமும் நேரமும். ஒவ்வொரு பூனைக்கும் மயக்க மருந்து, அறுவை, குழாய் பொருத்துதல், மணிக்கணக்கில் பக்கத்திலேயே நிற்கும் தேர்ந்த கை. இங்கிலாந்தில் 1876-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தவளையைக்கூடத் தொட முடியாது; ஆனால் பொதுமக்களின் கோபம் நாய், பூனை என்றால்தான் பொங்கும். தவளைக்காகத் தெருவில் ஊர்வலம் போவார் இல்லை. அதில் நியாயம் இருக்கிறதா என்பது வேறு பேச்சு.

இரண்டாவது காரணம் எனக்கு முக்கியம். ‘பூனை அலகு’ என்ற பெயரே ஒரு மாயை. எந்த ஊர்ப் பூனை? கொழுத்ததா, இளைத்ததா? எவ்வளவு ஆழமான மயக்கம்? ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? இவை மாறினால் அலகும் மாறும். ஆனால் புட்டியின் மேல் பூனை அலகு என்று அச்சிட்டவுடன் அது மீட்டர், கிராம்போல் நிலையான ஒன்று என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. தவளையை யாரும் அப்படி நம்பவில்லை. அதன் தடுமாற்றம் ஊரறிந்தது. சந்தேகத்தோடு பயன்படுத்தும் அளவுகோல், கண்மூடி நம்பும் அளவுகோலைவிடத் தீங்கு குறைந்தது. கார்னெலிலேயே ஹேச்சரோடு வேலை செய்த கேரி எக்கில்ஸ்டன் 1915-இல் ஒரு படி மேலே போய், நோயாளியின் உடல் எடைக்கு இத்தனை பூனை அலகு என்று கணக்கிட்டு, விரைவாகக் கொடுக்கும் முறையை வகுத்தார். பூனையின் சிரைக்குள் அளந்த எண்ணை வைத்து, மனிதர் வாயால் விழுங்கும் மருந்தை நிர்ணயித்தார்கள். இந்தத் தாவலில் இருந்த ஓட்டை பிறகு தெரியவந்தது.

புறாவும் கினிப்பன்றியும்

ஸ்டான்ஃபோர்டின் ஹான்ஸ்லிக் 1929-இல் புறாவை முன்வைத்தார். இறக்கைச் சிரையில் ஊசி. வாந்தி எடுக்கிறதா இல்லையா என்று பார்ப்பது. கொல்ல வேண்டியதில்லை, அதே புறாவைப் பிறகு மறுபடியும் பயன்படுத்தலாம். மனிதனுக்கும் டிஜிடாலிஸ் மிஞ்சினால் குமட்டல்தானே முதலில் வருகிறது என்பது கூடுதல் கவர்ச்சி. ஆனால் வாந்தியும் இதயத்தின் மேல் நடக்கும் வேலையும் எப்போதும் கைகோத்துப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நமக்கு வேண்டியது இதயம். அமெரிக்க மருந்து நூல் 1942-இல் தவளையைக் கைவிட்டுப் புறாவுக்கு மாறியபோதுகூட வாந்தியை எடுத்துக்கொள்ளவில்லை. பூனையைப்போலவே புறாவின் சிரைக்குள் செலுத்தி இதயம் நிற்கும் அளவையே எடுத்துக்கொண்டது. வியன்னாவின் நாஃபல்-லென்ஸ் இதே வேலையைக் கினிப்பன்றியில் செய்தார். பூனையின் நன்மை தீமைகளைச் சிறிய உருவத்தில் தருகிற தேர்வு என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த நிபந்தனை

தவளைக்கு நான் போட்ட நிபந்தனைக்கு வருகிறேன். அதை வகுத்தவர்களில் முதன்மையானவர் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஹென்றி டேல். முதல் உலகப் போருக்குப் பின் உலக நாடுகள் சங்கத்தின் சுகாதாரப் பிரிவு 1923-இல் எடின்பரோவிலும் 1925-இல் ஜெனீவாவிலும் கூட்டிய மாநாடுகளில், எந்தப் பிராணி சிறந்தது என்ற சண்டைக்கு முடிவே வராது என்பது தெளிவாயிற்று. டேலின் யோசனை சண்டையையே தேவையற்றதாக்கியது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பொடியை வைத்துக்கொள்வோம். எவர் எந்தப் பிராணியைப் பயன்படுத்தினாலும் தன் மருந்தை அந்தப் பொடியோடு ஒரே நாளில், ஒரே பிராணிக் கூட்டத்தில் ஒப்பிட்டுச் சொல்லட்டும். ஜெர்மன் அறிஞர் எர்லிக் 1897-இல் தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்ச்சீரத்துக்கு ஏற்கனவே இப்படி ஒரு பொதுச் சீரத்தை உலர்த்தி வைத்திருந்தார். இன்சுலினுக்கும் அதே வழிதான் எடுத்தார்கள்.

டிஜிடாலிஸுக்கு அந்தப் பொடியைத் தயாரித்தவர் உட்ரெக்ட் நகரின் ருடால்ஃப் மாக்னுஸ். வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த பத்து இலைப்பொடிகளைக் கலந்து ஒன்றாக்கினார். 1926-இல் அது சர்வதேசத் தரப்பொடி ஆயிற்று, அதில் 0.1 கிராமின் வீரியம் ஓர் அலகு. பிராணியின் பெயரே இல்லாத அலகு என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடைத் தராசு கோணலாக இருந்தாலும், படிக்கல்லையும் அரிசியையும் ஒரே தட்டில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் எடை சரியாக வந்துவிடும். தவளை என்ற கோணல் தராசுக்குத் தரப்பொடிதான் படிக்கல். கோடையோ பனிக்காலமோ, பாதித் தவளைகளுக்குத் தரப்பொடி, மறுபாதிக்கு நம் டிஞ்சர். பருவம் இரண்டையும் ஒரே பக்கம் இழுக்கும், விகிதம் மாறாது. தவளைமேல் சொன்ன புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரே ஏற்பாட்டில் அடிபட்டுப் போகின்றன. எஞ்சியது டிரெவன் சொன்ன தற்செயல் பிழை. அதைத் தவளைகளின் எண்ணிக்கையால் வெல்லலாம். பிழையின் எல்லையைக் கணக்கிட்டுச் சொல்லும் வழிகளை 1930-களில் காடமும் பிளிஸும் வகுத்துக் கொடுத்தார்கள்.

பூனைக்கும் தரப்பொடி பயன்படும், உட்ரெக்டில் அப்படிச் செய்தும் காட்டினார்கள். ஆனால் பூனைக்கு ஆதரவாகச் சொன்ன பெரிய காரணமே அது மனிதனுக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்பதுதான். தரப்பொடியோடு ஒப்பிடத் தொடங்கிவிட்டால் கிட்டமும் தூரமும் பெரிதாகப் பொருட்படாது. பிறகு எது மலிவு, எது விரைவு என்ற கேள்வியே மிஞ்சுகிறது. இந்தியாவில் 1930–31-இல் ஆர். என். சோப்ராவின் தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு, வீரியம் குறைந்த மருந்துகள் சந்தையில் தாராளமாகப் புழங்குவதைப் பதிவு செய்தது. கையில் காசில்லாத, வெப்பமான நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்று எதை வாங்கியிருக்க வேண்டும் என்று கேட்டால், ஒரு குப்பி தரப்பொடியும் நிறையத் தவளைகளும் என்பேன்.

தவளையும் பூனையும் பதில் சொல்ல முடியாத கேள்வி

ஒரே வகைப் பொருளை ஒப்பிடும்வரை, அதாவது இலைப்பொடியோடு இலைப்பொடியை வைத்துப் பார்க்கும்வரை, மேலே சொன்னதெல்லாம் செல்லும். இலையையும் அதிலிருந்து பிரித்த தூய படிகத்தையும் ஒப்பிட்டால் கதை வேறு. பிரான்ஸில் நாட்டிவெல் 1860-களின் இறுதியிலேயே படிக டிஜிடாலினைத் தயாரித்திருந்தார். ஸ்ட்ராஸ்பூர்கில் ஷ்மீடபெர்க் 1875-இல் டிஜிடாக்சினைப் பிரித்தார். பிரெஞ்சுக்காரர்கள் படிகத்தை விரும்பினார்கள். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இலையை விடவில்லை. முழு இலையில் இருக்கும் கூட்டுக்கு ஈடில்லை என்ற எண்ணம் ஒருபுறம். படிகத்தின் அளவை எப்படி நிர்ணயிப்பது என்ற தயக்கம் மறுபுறம்.

இங்கேதான் நோயாளி மறுபடியும் வருகிறார். 1915-இல் நியூயார்க்கில் கோனும் அவருடைய கூட்டாளிகளும் டிஜிடாலிஸ் சாப்பிட்டவர்களின் ஈசிஜி வரைபடத்தில், ஒவ்வொரு துடிப்பின் கடைசியிலும் வரும் ‘டி’ அலை தாழ்வதைக் கண்டிருந்தார்கள். நஞ்சு நிலைக்குப் போகாமலே அந்த மாற்றம் தெரிகிறது என்பதுதான் இதில் அருமை. 1940-களில் கார்னெலின் ஹாரி கோல்டும் அவருடைய குழுவும் அதையே அளவுகோலாக்கினார்கள். மனிதருக்கு வாய்வழி மருந்து கொடுத்து, ‘டி’ அலை எவ்வளவு தாழ்கிறது, தாறுமாறாக ஓடும் இதயம் எவ்வளவு நிதானப்படுகிறது என்று அளந்தார்கள். பூனைக் கல்லூரியிலிருந்தே பூனைக்கு எதிரான சாட்சி வந்தது.

கிடைத்த விடை இது: வாய்வழி கொடுத்தால் 1 மில்லிகிராம் டிஜிடாக்சின், சுமார் 1 கிராம் இலைப்பொடிக்கு ஈடு. பூனைக் கணக்கு இப்படிச் சொல்லவில்லை. பூனையின் சிரையில் அவ்வளவு இலைப்பொடி, அவ்வளவு டிஜிடாக்சினைவிடப் பல மடங்கு வலுவானது. வேறுபாடு குடலில் இருந்தது. டிஜிடாக்சின் குடலில் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்படுகிறது. இலையின் வீரியத்தில் பெரும்பகுதி உடலுக்குள் போகாமலே வெளியேறிவிடுகிறது. சிரைக்குள் நேராகச் செலுத்துவதால் உறிஞ்சல் குழப்பம் இல்லை என்று பூனைக்காரர்கள் எதைப் பெருமையாகச் சொன்னார்களோ, அதுவே இங்கே காலை வாரிவிட்டது. பூனை அலகை நம்பி டிஜிடாக்சினுக்கு அளவு நிர்ணயித்தால் நோயாளி நஞ்சுக்கு ஆளாவார். தரப்பொடியும் இதில் உதவாது. படிக்கல்லும் சரக்கும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பது அதன் மறைமுக விதி.

ஆக, ஆலைப் பொறுப்பாளரின் மேசையில் இருப்பது இலையின் புதிய தொகுதி என்றால் தவளையும் தரப்பொடியும். ஆலை முதலாளி, இனி இலை வேண்டாம், தூய படிகத்தை மாத்திரையாக்கி விற்போம் என்று சொன்னால் தவளைத் தொட்டியை மூடிவைத்துவிட்டு ஈசிஜி கருவியுள்ள மருத்துவமனை ஒன்றின் கதவைத் தட்ட வேண்டும். செலவு அதிகம், மாதக்கணக்கில் ஆகும், வேறு வழியில்லை. இரண்டாவது வேலையைப் பூனையிடம் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தேர்வு.

முதலாளியின் பக்கம்தான் காலம் போயிற்று. சிட்னி ஸ்மித் 1930-இல் டிஜிடாலிஸ் லனாட்டா என்ற உறவுச் செடியிலிருந்து டிஜாக்சினைப் பிரித்தார். மாத்திரையில் கால் மில்லிகிராம் என்று எடை போட்டே எழுதலாம் என்ற நிலை வந்ததும், அலகுக் கணக்குகள் படிப்படியாக மறைந்தன. 1969-இல் ரத்தத்தில் கலந்திருக்கும் டிஜாக்சினைக் கதிரியக்க முறையில் நேரடியாக அளக்கும் வழி கிடைத்தது. அந்த வழியை வைத்து 1971-இல் லிண்டன்பாம் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் வெவ்வேறு தயாரிப்பாளர்களின் டிஜாக்சின் மாத்திரைகளைச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் எடை ஒன்றே. ரத்தத்தில் ஏறிய உச்ச அளவோ ஏழு மடங்கு வரை வேறுபட்டது. மாத்திரையை இறுக்கிய விதமும் துகளின் பருமனும் மாறியதால் கரையும் வேகம் மாறியிருந்தது. அதன் பின்னரே, டிஜாக்சின் மாத்திரை குறித்த நேரத்துக்குள் எவ்வளவு கரைகிறது என்ற சோதனையை மருந்து நூல்கள் கட்டாயமாக்கின.